ஐடி கார்டு போதும் என்ற காலம் போச்சு: பிரெக்சிட்டால் பிரிட்டனின் ஹாலிடே ஹோம் உரிமையாளர்களுக்கும் ஐரோப்பிய விருந்தினர்களுக்கும் என்ன மாறியது?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் உங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அதை ஆன்லைனில் போட்டு, வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து ஒரு குடும்பம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரத்துக்கு புக் செய்திருக்கிறது. அப்பா, அம்மா, 16 வயது மகள், 10 வயது மகன்.

படுக்கை விரிப்பை மாற்றி, ஃப்ரிட்ஜில் பால் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து மெசேஜ் வருகிறது: "பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்கல. ஐடி கார்டு மட்டும்தான் இருக்கு. ஃப்ளைட்ல ஏத்த மாட்டேங்கிறாங்க. பணம் திரும்பக் கிடைக்குமா?"

2019-ஆம் ஆண்டாக இருந்திருந்தால் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்காது. அந்தப் பையன் ஐடி கார்டைக் காட்டிவிட்டு வந்து இறங்கியிருப்பான். இடையில் நடந்தது பிரெக்சிட்.

பிரெக்சிட் என்றதும் நாடாளுமன்றச் சண்டை, துறைமுகத்தில் நிற்கும் லாரி வரிசை, மீன்பிடி உரிமை என்றுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு வாரத்து விடுமுறையையும், அந்த வாடகையை நம்பியிருக்கும் குடும்பங்களையும் கூடத் தொட்டிருக்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், தேதிகள்

2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. ஆனால் பழைய விதிகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை தொடர்ந்தன. உண்மையான மாற்றம் 2021-இல்தான் தொடங்கியது. அதுவும் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு விதியாக, வருடக் கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது.

ஐடி கார்டு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

நாம் நேபாளத்துக்கு வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போய் வர முடியும், இல்லையா? அதே மாதிரிதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளின் குடிமக்கள் தங்கள் தேசிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டே ஒன்றியம் முழுக்கச் சுற்றலாம். அதனால் பலர் பாஸ்போர்ட்டே எடுப்பதில்லை. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

2021 அக்டோபர் 1 முதல், சுற்றுலாவுக்கு வரும் ஐரோப்பியர்களிடம் பிரிட்டன் ஐடி கார்டை ஏற்பதில்லை. பாஸ்போர்ட் கட்டாயம். அயர்லாந்து குடிமக்களுக்கு மட்டும் பழைய ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. பிரெக்சிட்டுக்கு முன்பே பிரிட்டனில் குடியிருந்து, தங்கும் உரிமை பெற்ற ஐரோப்பியர்களுக்கும் விலக்கு உண்டு.

அடுத்து வந்தது இடிஏ. இது விசா இல்லை. பயணத்துக்கு முன்பு மொபைல் ஆப்பிலோ இணையதளத்திலோ வாங்க வேண்டிய மின்னணு அனுமதி. ஐரோப்பியர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் இது தேவை. முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம், ஒரே வாரத்தில், ஏப்ரல் 9 அன்று 16 பவுண்டு ஆனது. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் 2 ஆண்டுகள் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் காலி. இடிஏ இல்லாதவர்களை ஏற்றக் கூடாது என்ற கண்டிப்பு 2026 பிப்ரவரி 25-இல் இருந்து.

லியோன் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரான்ஸில் பெரியவர்களுக்கான பாஸ்போர்ட் கட்டணம் 86 யூரோ. 15 முதல் 17 வயது வரை 42 யூரோ. 15 வயதுக்குக் கீழே 17 யூரோ. நான்கு பேரிடமும் பாஸ்போர்ட் இல்லையென்றால் 231 யூரோ. இடிஏ-வுக்கு, 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி, தலைக்கு 16 பவுண்டு வீதம் 64 பவுண்டு. மொத்தம் ஏறத்தாழ 300 யூரோ. அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஐடி கார்டோ, அரசு இலவசமாகக் கொடுப்பது.

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும்; அடுத்த பயணத்துக்கு இந்தச் செலவு இருக்காது. அதனால் இதை ஒரு பெரிய சுவர் என்று சொல்ல முடியாது. ஆனால் "இந்த வருஷம் எங்க போகலாம்?" என்று சாப்பாட்டு மேசையில் பேசும்போது, ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ போக 300 யூரோவும் தேவையில்லை, படிவமும் தேவையில்லை. ஆங்கிலம் பேசும் நாடுதான் வேண்டுமென்றால் அயர்லாந்து இருக்கிறது. அங்கே இன்றும் ஐடி கார்டு போதும். கார்ன்வால் வீட்டுக்காரர் இழப்பது இந்த இடத்தில்தான். வராமலே போன விருந்தினர் எந்தப் புகாரும் எழுதுவதில்லை. காலண்டரில் ஒரு வாரம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்த குடும்பங்கள்

இந்த மாற்றம் அதிகம் வலித்தது கடற்கரை பங்களா வைத்திருப்பவர்களுக்கு இல்லை. பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ், போர்ன்மவுத் போன்ற தென்கடற்கரை ஊர்களில் ஆங்கிலம் கற்க வரும் ஐரோப்பிய மாணவர்களை வீட்டில் தங்கவைத்து, காலை உணவும் இரவு உணவும் கொடுக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனபின் காலியாகும் ஓர் அறை, அதிலிருந்து ஒரு வருமானம். சொந்த வீட்டில் அறையை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை பிரிட்டனில் வருமான வரி கிடையாது. அதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும் பணம்.

இந்தப் பிள்ளைகள் வந்தது வகுப்பு வகுப்பாக, ஐடி கார்டுடன். வகுப்பில் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத மாணவர்கள் இருந்தாலும், பள்ளி கொடுக்கும் ஒரு பட்டியலில் பெயர் இருந்தால் விசா இல்லாமல் வர முடிந்தது. 2021 அக்டோபரில் அந்தப் பட்டியல் முறையையும் பிரிட்டன் நிறுத்தியது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் அங்கேயே பள்ளியில் படிக்கிறாள், கையில் இந்திய பாஸ்போர்ட். முன்பு வகுப்போடு லண்டன் போக அந்தப் பட்டியலே போதும். பட்டியல் முறை நின்றபோது, அவளுக்கு மட்டும் தனியாக விசா வாங்க வேண்டியதாயிற்று. 30 பேரில் 3 பேருக்கு விசா வேண்டும் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? மூன்று பேரை விட்டுவிட்டுப் போக மனம் வராது. வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பார்.

பிரிட்டனுக்கும் இது புரிந்தது. 2023 டிசம்பர் 28 முதல் பிரான்ஸ் பள்ளிக் குழுக்களுக்கு ஐடி கார்டு வசதி திரும்பக் கிடைத்தது. குழுவில் வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் விசா வேண்டாம். ஒரு விதியை மாற்றிவிட்டு, அதன் விளைவைப் பார்த்து, பாதி திரும்ப வந்த கதை இது.

அப்போ லாபமே இல்லையா?

இருந்தது, குறிப்பாக ஆரம்பத்தில். வாக்கெடுப்பு முடிவு வந்ததும் பவுண்டு சரிந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு ஒரு யூரோவுக்குச் சுமார் 77 பென்ஸ் கிடைத்தது. 2017 ஆகஸ்ட்டில் அது 92 பென்ஸ் அளவுக்குப் போனது. வாரத்துக்கு 700 பவுண்டு வாடகை கேட்கும் வீடு, ஐரோப்பிய விருந்தினருக்கு 909 யூரோவிலிருந்து 761 யூரோவாகக் குறைந்தது. வீட்டுக்காரர் ஒரு பென்ஸ் கூட தள்ளுபடி கொடுக்கவில்லை. பிரிட்டிஷ்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தின் விலை ஏறியதால், உள்நாட்டு விடுமுறையும் கவர்ச்சியானது.

ஆக, பிரெக்சிட் முதலில் பயணத்தை மலிவாக்கியது; பிறகு சிக்கலாக்கியது. சிக்கலோடு வீட்டுக்காரருக்கு இன்னொரு தலைவலியும் வந்தது: வேலைக்கு ஆள். ஒரு விருந்தினர் காலையில் கிளம்பி, அடுத்தவர் மாலையில் வருவதற்குள் வீட்டைத் துடைத்து, விரிப்பு மாற்ற வேண்டும். இந்த வேலையில் கிழக்கு ஐரோப்பியர்கள் நிறைய பேர் இருந்தார்கள். 2021 முதல் புதிதாக வருபவர்களுக்கு வேலை விசா வேண்டும். துப்புரவு வேலைக்கு அந்த விசா கிடைக்காது. பருவகால வேலை விசா பண்ணைகளுக்கும் கோழித் தொழிலுக்கும்தான். ஹாலிடே ஹோம்களுக்கு இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்கள்

ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வீடு வாங்கி, சில மாதம் தாங்கள் தங்கி, மீதி மாதம் வாடகைக்கு விடும் பிரிட்டிஷ்காரர்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு அடி விழுந்தது.

முதல் அடி, நாள் கணக்கு. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்கக் கூடாது. ஷெங்கன் விசா வாங்கிய யாருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதுதான். இப்போது பிரிட்டிஷ்காரர்களும் அதே கணக்கைப் போடுகிறார்கள், அதுவும் சொந்த வீட்டில் தங்குவதற்கு. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு முறை படிப்படியாக வந்துவிட்டதால், நாளை எண்ணுவது இனி கம்ப்யூட்டர். பிரான்ஸில் வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்குச் சலுகை தரும் ஒரு சட்டப் பிரிவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது; 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது.

இரண்டாவது அடி, வரி. ஸ்பெயினில் வீட்டை வாடகைக்கு விடும் வெளிநாட்டவர், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவராக இருந்தால், செலவைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்கு 19 சதவீதம் வரி. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், செலவைக் கழிக்காமல் மொத்த வாடகைக்கு 24 சதவீதம். ஆண்டு வாடகை 10,000 யூரோ, செலவு 4,000 யூரோ என்று வையுங்கள். முன்பு வரி 1,140 யூரோ. பிரெக்சிட்டுக்குப் பின் 2,400 யூரோ. அதே வீடு, அதே வாடகை, வரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். இந்தப் பாகுபாடு ஸ்பெயின் நீதிமன்றங்களில் கேள்விக்குள்ளாகியும் இருக்கிறது.

சரி, அந்தக் குடும்பத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. பயண ஆவணங்கள் விருந்தினரின் பொறுப்பு என்பதே பொதுவான நடைமுறை. புக் செய்யும்போது ஒப்புக்கொண்ட ரத்து விதி என்ன சொல்கிறதோ, அதுதான். ஆவணம் இல்லாததால் பயணம் நின்றால், பயணக் காப்பீடும் பொதுவாகக் கைகொடுக்காது. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற நுகர்வோர் உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு புக் செய்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது.

தகராறு முற்றினால் வீட்டுக்காரருக்கும் சிரமம்தான். விருந்தினர் சோஃபாவைக் கிழித்துவிட்டுப் போனார் என்றால், 5,000 யூரோ வரையிலான வழக்குகளுக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே ஓர் எளிய நடைமுறை இருக்கிறது. பிரிட்டன் இப்போது அதில் இல்லை.

வீட்டுக்காரர் விசாவைப் பரிசோதிக்க வேண்டுமா?

வேண்டாம். வீட்டைக் குடியிருக்க வாடகைக்கு விடும்போது செய்ய வேண்டிய குடியேற்றச் சோதனை, விடுமுறைத் தங்கலுக்குக் கிடையாது. இடிஏ இருக்கிறதா என்று பார்ப்பது விமான நிறுவனத்தின் வேலையும் எல்லை அதிகாரியின் வேலையும்தான்.

ஆனால் 1972-ஆம் ஆண்டு ஆணை ஒன்று உண்டு. 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு விருந்தினரின் பெயரையும் குடியுரிமையையும் எழுதி, 12 மாதம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண்ணும், அடுத்து எங்கே போகிறார் என்பதும் சேர வேண்டும். இது பிரெக்சிட்டால் வந்ததல்ல. சுவாரசியம் என்னவென்றால், இந்த ஆணைப்படி காமன்வெல்த் நாட்டினர் வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டார்கள். அதாவது, நீங்கள் இந்திய பாஸ்போர்ட்டுடன் போய்த் தங்கினால் பெயரும் நாடும் போதும். பிரெஞ்சு விருந்தினர்தான் மீதியையும் தர வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கு?

எல்லையில் எதுவும் மாறவில்லை. பிரெக்சிட்டுக்கு முன்பும் பிரிட்டனுக்குத் தனி விசா, இப்போதும் தனி விசா. ஷெங்கன் விசா அங்கே எப்போதுமே செல்லாது. இடிஏ நமக்கானது இல்லை. யாராவது "இடிஏ எடுத்தா போதும்" என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டு, பிரெஞ்சு நண்பர்களோடு சேர்ந்து கார்ன்வாலில் வீடு புக் செய்கிறீர்கள் என்றால், உங்களுக்கு விசா, அவர்களுக்கு பாஸ்போர்ட்டும் இடிஏ-வும். எல்லாம் கைக்கு வந்தபிறகு, ரத்து செய்ய முடியாத அறைக்குப் பணம் கட்டுங்கள்.

2025 மே 19 அன்று லண்டனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உறவைச் சீர்செய்யப் பேசின. செல்லப்பிராணிகளின் பயணம், இளைஞர் பரிமாற்றம், விமான நிலையத் தானியங்கிக் கதவுகள் எல்லாம் அதில் இடம்பெற்றன. குடும்பங்கள் ஐடி கார்டில் வருவது இடம்பெறவில்லை. அதனால் கார்ன்வால் வீட்டுக்காரர் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: புக்கிங் வந்த அன்றே விருந்தினருக்கு ஒரு வரி அனுப்புவது. "பையனுக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்று ஜூன் மாதத்தில் கேட்டிருந்தால், ஆகஸ்ட்டில் அந்த மெசேஜ் வந்திருக்காது.