கிணறும் மோட்டார் வண்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிக் கடலோரத்தில் முடிகின்ற வழுக்கையாற்றைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டாலும், ஆண்டு முழுவதும் புனலோடும் ஆறொன்றைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. மலையும் இல்லை, மலை தரும் அருவியும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழையே நமது பெருவருவாய். மூன்று மாதச் சம்பாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் குடும்பம் நடத்தும் இல்லத்தரசியைப் போன்றது நம் மண். அவள் சிக்கனக்காரி, ஆனால் வீட்டிலுள்ளோர் ஊதாரிகளானால் அவள்தான் என்ன செய்வாள்?

இந்த மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல் பரந்து கிடக்கிறது. அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. அதற்கும் கீழே நாற்புறமும் சூழ்ந்த கடலின் உவர்நீர். நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. ஆகையால் எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல, நன்னீர் உவரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒல்லாந்து நாட்டுக் கைபன் என்பவரும், பின்னர் ஜேர்மனி நாட்டு ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கொரு கணக்குக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அது. கேட்பதற்கு இனிய கணக்குத்தான். ஆனால் அதைத் திருப்பிப் படிக்கவேண்டும். மேலே 1 அடி குறைந்தபடி நிலைத்தால், அடியிலிருந்து உவர் 40 அடி ஏறும்! புத்தூர் நிலாவரைக் கிணற்றை அடியில்லாக் கிணறு என்று வியந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அங்கே மேல்நீர் நன்னீராகவும், ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. குடாநாட்டின் நீர்க்கதை முழுவதும் அந்த ஒரு கிணற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

கோடை முற்றியதும் சோளகக் காற்று எழுகிறது. வலிகாமத்துச் செம்மண் புழுதி வீட்டு முற்றத்திலும், வாழை இலையிலும், வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியிலும் படிகிறது. முன்னர் ஓர் ஊரில் இரண்டு மூன்று வண்டிகளே இருந்தன. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவற்றைக் குழந்தைகளைப் போல வளர்த்தவர் பலர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாதபோது, மண்ணெண்ணெயிலேயே அவை ஓடின. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் வண்டிகள் பெருகின. வளம் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வண்டியோடு கூடவே இறப்பர்க் குழாயும் வந்து சேர்ந்தது.

ஒரு கடுங்கோடைக் காலையில், என் அயல்வளவு இளைஞர் மோட்டரைப் போட்டுவிட்டுத் தம் வண்டிக்குக் குழாய்நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வேலிக்கு இப்பால் நின்று, “தம்பி, கிணறு தாங்குமோ?” என்றேன். அவர் சிரித்த முகத்தோடு, “என்ரை கிணறு, என்ரை மோட்டர், கரண்டுக் காசும் நான்தான் கட்டுறன். ஆருக்கு என்ன நட்டம் அண்ணை?” என்றார். பண்புள்ள பிள்ளை. அவர் கேட்டதும் நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையை வேலியோரத்தில் நின்று சொல்லிவிட முடியாது என்பதனாலேயே இங்கு எழுதுகிறேன்.

கிணறு அவருடையது. உறுதி எழுதிய நொத்தாரிசுக்கும் அது தெரியும். ஆனால் கிணறு என்பது ஒரு வாயில் மாத்திரமே. உள்ளே இருக்கும் நீர் வேலியை அறியாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் காணி எல்லை பார்த்து நிற்பதில்லை. அவர் கிணற்றில் இறைப்பது என் கிணற்றிலும், நான் இறைப்பது அடுத்தவர் கிணற்றிலும் தாழ்வை உண்டாக்கக்கூடும். கரையோரத்துக் கிணறு முதலில் உவர்க்கும். நடுவூர்க் கிணறு பிந்தி உவர்க்கும். வேறுபாடு அவ்வளவுதான்.

துலா இருந்த காலத்தில் இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. துலாவில் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நின்றவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, வாய்க்கால் வழியே நீர் பயிருக்குச் சென்றது. ஒவ்வொரு பட்டை நீரின் பாரமும் ஒரு மனிதனின் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. இன்று விரலால் ஓர் ஆளியை அழுத்துகிறோம், தாங்கி நிறைகிறது. உழைப்புக் குறைந்தது நன்றே. உழைப்போடு சேர்ந்து அளவறியும் உணர்வும் போயிற்றே என்பதுதான் என் கவலை.

பழைமையை முழுவதும் போற்றுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்த அதே சமூகம், சாதியின் பேரால் மனிதரைக் கிணற்றுக் கட்டில் ஏறவொட்டாமல் தடுத்தது. யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்து நின்ற தாய்மாரின் வரலாறு நமக்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது அதனாலேதான். நீரைச் சிக்கனமாகச் செலவிட அறிந்தவர்கள் அதைப் பகிர்ந்துகொள்ள அறியாதிருந்தார்கள். நாம் இரண்டையும் அறிந்தாகவேண்டும்.

குடாநாட்டில் இறைக்கப்படும் நீரிற் பெரும்பகுதி வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்குமே போகிறது; வண்டி கழுவும் நீர் அதன்முன் சிறிது என்று சிலர் கூறுவர். உண்மை. ஆனால் தோட்டக்காரன் நீரைக் கொடுத்து உணவைப் பெறுகிறான். வண்டிக்காரர் பெறுவது மினுக்கம். குழாயொன்று நிமிடத்துக்கு 10 லீற்றர் பாய்ச்சினாலும், 20 நிமிடத்தில் 200 லீற்றர் ஆகிறது. 2018ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரம் வரட்சியில் தவித்தபோது, ஆளொருவருக்கு நாளுக்கு 50 லீற்றர் என்று வரையறுத்தார்கள். நால்வர் குடித்துக் குளித்துச் சமைப்பதற்கு அங்கே விதித்த நீரை, நாம் ஒரு வண்டியின் முதுகிலே ஊற்றிவிடுகிறோம்.

அந்த நீர் போகுமிடத்தையும் பார்க்கவேண்டும். மேல்மண் பல இடங்களில் மெல்லியது. சவர்க்கார நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் கல்வெடிப்பு வழியே மீண்டும் கிணற்றைத்தான் தேடிச் செல்லும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாட்டையே கலக்கியது. உயர் நீதிமன்றம்வரை சென்றது. அழுக்கு எவ்வளவு எளிதாக நிலத்தடிக்கு இறங்கும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமா?

வண்டியைக் கழுவவே கூடாது என்பது என் கட்சியன்று. செம்மண் பொடியை உலர்ந்த துணியாற் தேய்த்தால் நிறப்பூச்சுக் கீறுப்படும். ஆகவே இரண்டு வாளி நீர் எடுத்துக்கொள்ளலாம்: ஒன்றில் சிறிது சவர்க்காரம், மற்றதில் வெறுநீர். கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைத்து வந்தால் 25 லீற்றருக்குள் அலுவல் முடியும். வெயில் தணிந்தபின் செய்தல் நலம். நம் கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்த கடின நீராதலின், வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளி விழும். கிணற்றடியில் கழுவாமல், தள்ளி நின்று கழுவவேண்டும். கடுங்கோடையில் கண்ணாடியும் விளக்கும் இலக்கத் தகடும் துலங்கினாற் போதும். மற்றைப் புழுதி மழைவரை இருக்கட்டும். அரிசி கழுவிய நீரை மாட்டுக்கு வைத்தும், குளித்த நீரை வாழைக்கு விட்டும் பழகிய வீடுகளுக்கு இது புதுப்பாடமன்று.

வெளியிலிருந்து நீர் வரும் என்று காத்திருந்த காலமும் உண்டு. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் முழுமை பெறவில்லை. இரணைமடு நீரைக் கொணரும் முயற்சிக்குக் கிளிநொச்சி உழவர் இசையவில்லை. அவர்களுக்கும் வயல் இருக்கிறது. தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரைப் பெறும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பெரும்பணிதான். ஆயினும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். மழை இலவசமாகத் தந்ததை உவராக்கிவிட்டு, கடலிடமிருந்து அதை விலைக்கு வாங்குவது வியாபாரத்திலும் சிறந்த வியாபாரமன்று.

2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சியை நாம் மறந்திருக்க முடியாது. கோடைதோறும் தீவகத்தில் பவுசர் வருமட்டும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போர் நம்மவரே. நெடுந்தீவில் ஒரு பெண் குடம் சுமந்து நடக்கும் தூரத்தை, நம் வளவில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் அந்த 20 நிமிடத்தில் ஒருமுறை நினைத்துப் பார்த்தால், கை தானாகவே ஆளியை நாடும். அயல்வளவு இளைஞருக்கு நான் தரக்கூடிய விடை இதுவே.