இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு எந்த வண்ணம்?

பின்சக்கரத்தின் இருபுறமும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களைக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் சாலைகளிலும், குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு மலைப்பாதைகளிலும் காண்கிறோம். உள்ளாட்சித் திட்டங்களின் வழியாகவோ வங்கிக் கடன் பெற்றோ மாற்றுத்திறனாளிகள் வாங்கும் இவ்வண்டிகள், பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த பின்னர் பட்டறையில் உருமாற்றம் பெற்றவை. வண்டியின் உடல் ஒரு நிறத்திலும், பற்றவைத்த தாங்கிகளும் மட்காப்புகளும் வேறொரு நிறத்திலும் அமைந்துவிடுவதால், முழு வண்டிக்கும் புதிதாக வண்ணம் பூச விரும்புவோர் பலர். அழகுக்காக எடுக்கும் முடிவாக இது தோன்றினாலும், சட்டமும் உயிர்க்காப்பும் இதில் கலந்துள்ளன.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கான தகவமைப்பு வாகனத்துக்கு அதே பிரிவு விலக்களிக்கிறது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் அதற்கும் தேவை. வண்ண மாற்றம் கட்டமைப்பு மாற்றமன்று. எனினும் பதிவுச் சான்றில் வண்ணம் ஒரு விவரமாக இடம்பெற்றுள்ளது. ஆகவே சான்றில் 'கறுப்பு' என்றிருக்க, சாலையில் மஞ்சள் வண்டி ஓடக் கூடாது. பூசுவதற்கு முன்பே விண்ணப்பித்து, பூசியபின் வண்டியைக் காட்டிச் சான்றைத் திருத்திக்கொள்வதே முறை. சித்தூர் வட்டத்தவருக்குச் சித்தூரிலும், தோட்டப் பகுதியினருக்குத் தேவிகுளம், வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களிலும் துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன.

எல்லைப்புற வாழ்வுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ உறவினர் முகவரியில் பதிவான தமிழ்நாட்டு வண்டி, கேரளத்தில் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்குப் புதிய பதிவுக் குறி பெற வேண்டும் என 47-ஆம் பிரிவு கூறுகிறது. அதை முடிக்காமல் வண்ண மாற்றத்தைத் தொடங்கினால், எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதிலேயே அலைச்சல் மிகும்.

தேர்ந்தெடுக்கவே கூடாத நிறம் ஒன்றுண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, இராணுவ வாகனங்களுக்குரிய ஆலிவ் பச்சையைப் பிறர் பூசிக்கொள்ளலாகாது. பழைய வண்டிகளை அழகுபடுத்துவோர் விரும்பிக் கேட்கும் நிறம் அது என்பது வேடிக்கை.

இனி, கண்ணுக்குத் தெரிதல். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி, மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு, சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் என்னும் விதியைக் கேரளம் கண்டிப்புடன் செயற்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வும், பகல் வெளிச்சத்தில் கறுப்பு, சாம்பல், நீலம் போன்ற நிறக் கார்களுக்கு வெள்ளைக் கார்களைவிட விபத்து வாய்ப்பு கூடுதல் எனக் கண்டது.

ஆனால் இருசக்கர வண்டிகளின் நிலை வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், முன்புறத்திலிருந்து தெரியும் வண்டியின் நிறத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஒளிரும் மேலாடை அணிந்தோருக்கு விபத்து வாய்ப்பு 37 விழுக்காடும், கறுப்புத் தலைக்கவசத்துடன் ஒப்பிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தோருக்கு 24 விழுக்காடும் குறைவாக இருந்தது. முன்னிருந்து நோக்கும்போது வண்டியைவிட அதில் அமர்ந்தவரே கண்ணில் படுகிறார் என்பது இதன் காரணமாகலாம்.

இணைப்புச் சக்கர வண்டிக்கு இடர் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் இருக்கிறது. பின்னால் வரும் ஓட்டுநர் அதனைச் சாதாரண ஸ்கூட்டர் என எண்ணி, அந்த அகலத்துக்கே இடைவெளி கணித்து முந்த முயல்கிறார். இருபுறமும் நீண்டுள்ள சக்கரங்களைக் கடைசி நொடியில்தான் காண்கிறார். ஆகவே, உடலுக்கு எந்த நிறம் என்பதைவிட இணைப்புச் சக்கரங்களின் மட்காப்புகளுக்கு எந்த நிறம் என்பதே முதல் வினா. அவை கறுப்பாக இருத்தல் கூடாது. பட்டறைகளிலோ பெரும்பாலும் கறுப்பே அடித்துத் தருகிறார்கள். மட்காப்புகளின் வெளி ஓரத்தில் பின்னோக்கிச் சிவப்பும் முன்னோக்கி வெள்ளையுமாக ஒளி எதிரொளிக்கும் பட்டைகளை ஒட்டுங்கள். இரவில் பெயின்ட்டைவிட இவையே வண்டியின் அகலத்தை உணர்த்தும்.

நிலத்துக்கேற்ப விடை மாறும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயிலில் கருநிறங்கள் வெப்பத்தை உறிஞ்சும். காலில் இரும்புக் காலிப்பர் அணிந்து, இறங்கி ஏற நேரமெடுப்பவருக்கு இது சிறிய துன்பமன்று. சிவப்பு விரைவில் வெளிறும். வெள்ளையும் பாலாடை நிறமும் அங்குப் பொருந்தும். மூணாற்றிலும் வாகமண்ணிலுமோ, மூடுபனியில் வெள்ளையும் வெள்ளியும் கரைந்துவிடுகின்றன. தேயிலைச் சரிவின் முன்னே பச்சை மறைந்துவிடுகிறது. அங்கு மஞ்சளும் ஆரஞ்சும் சிறந்தவை. மனிதக் கண் பகலொளியில் மஞ்சள் கலந்த பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கிறது. இரு நிலங்களுக்கும் போய்வருபவர், பாலாடை நிற உடலும் அடர்மஞ்சள் மட்காப்புகளும் கொள்ளலாம் என்பது என் கருத்து. அவ்வாறாயின் விண்ணப்பத்தில் இரு நிறங்களையும் குறிப்பிட வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை சில. பற்றவைத்த இணைப்புகளில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கு எபாக்சி பிரைமர் பூசாமல் நேரடியாக நிறம் அடிப்பது வீண். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தனி பிரைமர் தேவை. இல்லையேல் ஓராண்டில் உரியும். மழைக்காலத்து மலையில் காற்றின் ஈரம் பூச்சின்மீது படிந்து வெண்புகைபோல் மங்கலாக்கும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை அங்கு ஏற்ற காலம். அதே மாதங்களின் முற்பகுதியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை வாரி இறைப்பதால், அங்கு மூடிய அறையில் பூசச் சொல்லுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தைப் பட்டை ஒட்டி மறைத்துவிட்டே பூச வேண்டும். எண் பெயின்ட்டில் மூழ்கிவிட்டால் ஆய்வாளர் வண்டியைத் திருப்பியனுப்புவார்.

வண்டி கடனில் இருப்பின், பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் ஹைப்பாதிகேஷன் பதிவாக இருக்கும். வேலையைத் தொடங்குமுன் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, போக்குவரத்து அலுவலகம் கேட்டால் ஆட்சேபணையின்மைக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். திருத்திய சான்றின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பி, பாலிசியில் இணைப்புச் சக்கரங்களும் புதிய நிறமும் பதிவாகியுள்ளனவா எனப் பாருங்கள். விபத்துக்குப் பின் மதிப்பீட்டாளர் காணும் வண்டியும் தாளில் உள்ள வண்டியும் வேறாகத் தோன்றினால், இழப்பீடு தாமதமாகக்கூடும். பட்டறைச் செலவு அதுவரை உங்கள் கையிலிருந்தே போகும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது மீந்த பெயின்ட்டைச் சிறு டப்பாவில் கேட்டு வாங்கி, அதன் வண்ண எண்ணை எழுதி வையுங்கள். குறுகிய வாயில்களில் இணைப்புச் சக்கர மட்காப்புகள் உரசாமல் இரா.