நடு இங்கிலாந்தின் வெப்பக் கணக்கு

இவ்வாண்டு வெயில் முன்னையிலும் கொடிது என்று கூறாத முதியவரை நம் நாட்டிற் காண்டல் அரிது. அவர் கூற்று உண்மையாகவும் இருக்கலாம். வயது மிகுந்த உடல் வெயிலைத் தாங்காமையாகவும் இருக்கலாம். நினைவை மட்டும் சான்றாகக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. ஓர் இடத்தின் வெப்பநிலையைக் கருவி கொண்டு அளந்து, தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஏடு வேண்டும். அத்தகைய ஏடுகளுள் உலகிலே மிக நீண்டது இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு உரியது. இலண்டன், பிறிஸ்டல், லங்காஷயர் ஆகிய மூன்றையும் மூலைகளாகக் கொண்ட ஒரு முக்கோண நிலப்பரப்பின் வெப்பநிலை, 1659ஆம் ஆண்டு முதல் இன்று வரை மாதந்தோறும் அதிலே பதியப்பட்டுள்ளது. யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிய ஆண்டுக்கு மறு ஆண்டிலே தொடங்கும் கணக்கு அது என்றால், அதன் பழமை நேயர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஆண்டுச் சராசரி வெப்பநிலை என்பது யாது? ஒரு நாளின் மிக உயர்ந்த வெப்பத்தையும் மிகக் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்நாட் சராசரி கிடைக்கும். நாட்களிலிருந்து மாதமும், மாதங்களிலிருந்து ஆண்டும் பெறப்படும். இவ்வாறு கோடையும் மாரியும் பகலும் இரவும் ஒன்றாய்க் கலந்து பிறக்கும் எண்ணிலே ஒரு பாகை கூடினாற் குறைந்தாற் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது என்று தோன்றும். கொழும்பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை செல்சியசு. நுவரெலியாவினது ஏறத்தாழ 16 பாகை. இந்தப் பதினொரு பாகை வேறுபாட்டிற்காக நாம் 6,000 அடிக்கு மேல் மலையேற வேண்டியிருக்கிறது. ஆகவே சராசரியில் ஒரு பாகை என்பது மலைச்சரிவில் 500 அடிக்கும் சற்று அதிகமான உயரத்துக்கு ஈடாகும். தேயிலைத் தோட்டங்களை உயரம் நோக்கி வகைப்படுத்தும் நம்மவர்க்கு 500 அடி என்ன செய்யும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, அவ்வேடு உருவான வரலாறு. அதனை ஒருவர் இருந்து 360 ஆண்டுகள் எழுதவில்லை. சிதறிக் கிடந்த எண்ணற்ற குறிப்பேடுகளைத் தேடித் தொகுத்தவர் கோர்டன் மான்லி என்னும் புவியியலறிஞர். 1698 முதலான கணக்கை 1953ஆம் ஆண்டிலும், 1659 முதலானதை 1974ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்டார். மருத்துவர், பாதிரிமார், நிலக்கிழார் எனப் பலதிறத்தார் தத்தம் வீட்டிலே வெப்பமானியை மாட்டிவைத்துக் குறித்தவையே அவருக்கு மூலப்பொருள். மெய்யியலறிஞர் ஜோன் லொக் கூட 1666ஆம் ஆண்டு முதல் ஒக்ஸ்போட்டிலே வானிலை குறித்து வந்தவர். கலைத்துறை மாணவர் பலர் அறியாத செய்தி இது.

ஆனால் அக்காலத்துக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெப்பமானியை வெளியே வைக்காமல், வடக்கு நோக்கிய, தீ மூட்டாத அறையினுள்ளே வைத்தல் பலருக்கு வழக்கமாயிருந்தது. மரச்சட்டங்களாலான வெண்ணிறக் கூண்டு 19ஆம் நூற்றாண்டிலேதான் வந்தது. அதனை அமைத்த தோமஸ் ஸ்டீவன்சன், புதையல் தீவுக் கதையை எழுதிய ஆசிரியரின் தந்தையார். இவை போதாவென்று 1752ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தன் பஞ்சாங்கத்தையே மாற்றிப் பதினொரு நாட்களை விட்டுவிட்டது. பழைய ஏட்டின் சனவரி முதலாந் திகதி நம் சனவரி முதலாந் திகதி அன்று.

இத்தகைய ஏடுகளை இணைப்பது எவ்வாறு? பள்ளிக்கூடத்து உவமையொன்று கூறுவேன். ஒரு வகுப்பின் விடைத்தாள்களை முதல் தவணையில் ஓர் ஆசிரியரும் அடுத்த தவணையில் வேறோர் ஆசிரியரும் திருத்துகின்றனர். முன்னவர் கை இறுகியவர், பின்னவர் தாராளமானவர். வகுப்பின் சராசரிப் புள்ளி ஏறியிருப்பதைக் கண்டு பிள்ளைகள் முன்னேறிவிட்டனர் என்று மகிழ்தல் அறியாமை. ஒரே விடைத்தாட் கட்டை இருவரிடமும் கொடுத்துப் பார்த்தால், ஒருவர் மற்றவரிலும் எத்தனை புள்ளி கூட்டி இடுகிறார் என்பது வெளிப்படும். மான்லி செய்ததும் இதுவே. இருவர் ஒரே காலத்தில் எழுதிய ஏடுகளைப் பக்கத்திற் பக்கம் வைத்து வேறுபாட்டைக் கண்டு, அதனைக் கழித்தோ கூட்டியோ தொடுத்தார். தொடக்க காலத்து எண்கள் அரைப் பாகை, ஒரு பாகை அளவிற்கே நம்பத்தக்கன என்பதையும் அவர் மறைக்கவில்லை. அண்மைக் காலத்தில் நகரங்கள் பெருகியமையால் ஏறிய சிறு வெப்பத்தையும் வானிலையாளர் கழித்தே கணக்கிடுகின்றனர். ஐயுறுவோர் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

அவ்வேடு கூறும் கதையைப் பார்ப்போம். தொடக்கமே குளிர். 1683ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மாரிகாலத்தின் சராசரி உறைநிலைக்கும் கீழே சென்றது. தேம்ஸ் ஆறு உறைந்து, அதன் மீது கடைத்தெரு அமைந்தது. 1690களின் சராசரி 8 பாகைக்குச் சற்று மேல் மட்டுமே. பின்னர் வெப்பம் மெல்ல ஏறி, 1730களிலே 10 பாகையைக் கடந்த ஆண்டுகளும் வந்தன. குளிர் நீங்கிவிட்டது என்று மக்கள் எண்ணியிருக்க வேண்டும். அடுத்து வந்தது 1740. அவ்வாண்டுச் சராசரி 7 பாகைக்கும் குறைவு. முழு ஏட்டிலும் அத்துணைக் குளிர்ந்த ஆண்டு வேறில்லை. அண்டையிலுள்ள அயர்லாந்திலே உருளைக்கிழங்கு நிலத்தினுள்ளேயே உறைந்து அழுகியது. தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் நோயிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஏட்டிலே சில பாகை வேறுபாடாக நிற்கும் எண்ணின் பின்னே இத்தனை உயிர்கள் உள.

1816ஆம் ஆண்டு யூலை மாதம் மற்றொரு சான்று. முந்திய ஆண்டில் இந்தோனேசியத் தீவொன்றிலே தம்போரா எரிமலை வெடித்து வான்முகட்டிற் பரப்பிய புழுதியும் ஆவியும் ஞாயிற்றின் ஒளியை மறைத்தன. நடு இங்கிலாந்தில் அதனிலும் குளிர்ந்த யூலை இன்றளவும் பதியப்படவில்லை. தேம்ஸ் ஆற்றின் மீது இறுதியாகச் சந்தை கூடியது 1814இல். எனினும் ஆறு உறைதலை மட்டும் அளவுகோலாகக் கொள்ளல் ஆகாது. நீரோட்டத்தைத் தடுத்து நின்ற பழைய இலண்டன் பாலம் 1831ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டபின், ஆறு விரைந்தோடி உறைவதை மறந்தது.

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் சராசரி 9 பாகைக்குச் சற்று மேலாக ஏறியும் இறங்கியும் நின்றது. 1961 முதல் 1990 வரையான முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 9.5 பாகை, 1991 முதல் 2020 வரையில் 10 பாகையைக் கடந்துவிட்டது. முன்பு தனித்தனி ஆண்டுகள் எட்டிப்பிடித்த உயரம் இப்போது முப்பது ஆண்டுகளின் நடுநிலையாயிற்று. 2022ஆம் ஆண்டின் சராசரி முதன்முறையாக 11 பாகைக்கு மேற் சென்றது. அவ்வாண்டு யூலையிலே இங்கிலாந்தில் ஒரு நாள் வெப்பம் 40 பாகையையும் தாண்டியது.

இவ்வேற்றத்தின் காரணத்தை முன்னுணர்ந்தோர் சிலருள் கை கலண்டர் என்பவர் நீராவிப் பொறியியலாளர். நிலக்கரி எரிப்பதாற் பெருகும் காபனீரொட்சைட்டு நிலவுலகைச் சூடாக்குகிறது என்று 1938ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். அது நன்மையே, உறைபனிக்காலம் மீண்டும் வாராமற் காக்கும் என்றும் அவர் கருதினார்! கைத்தொழிற் பெருக்கத்தின் முன் வளியிலே பத்திலட்சத்துக்கு 280 பங்காயிருந்த அவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. எரிமலைப் புழுதி இரண்டொரு ஆண்டில் அடங்கிவிடும்; இவ்வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும்.

குளிர் ஆண்டு ஒன்று வந்தால் இவையெல்லாம் பொய்யாகிவிடுமோ எனச் சிலர் வினவுவர். 2010ஆம் ஆண்டு டிசெம்பரிலே நடு இங்கிலாந்தின் சராசரி உறைநிலைக்குக் கீழே இறங்கியது. 1890இன் பின் அத்துணைக் குளிர்ந்த டிசெம்பர் வந்ததில்லை. அத்திலாந்திக்கிலிருந்து மென்காற்று வீசாது வடகாற்று வீசினால் இனியும் அவ்வாறு நேரலாம். ஒரு சிறு பகுதியிலே காற்றின் திசை ஓர் ஆண்டின் கணக்கைப் புரட்டிவிடும். முப்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது இதனாலேயே.

வெப்பமானியை நம்பாதார்க்கு மரங்களின் சாட்சியம் உண்டு. நோபோக் மாகாணத்து ரொபர்ட் மார்சம் என்னும் நிலக்கிழார், இளவேனிலில் மரங்கள் துளிர்க்கும் நாளையும் பறவைகள் வரும் நாளையும் 1736 முதல் குறித்துவந்தார். அவர் மரபினர் 1958 வரை அதனைத் தொடர்ந்தனர். இளவேனில் வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஓக் மரம் சில நாட்கள் முந்தித் துளிர்க்கும். ஆஷ் மரம் அவ்வளவு விரைவதில்லை. ஓக் முந்தினாற் கோடை வறளும், ஆஷ் முந்தினால் மழை மிகும் என்பது அந்நாட்டு உழவர் மொழி. இப்பொழுது பெரும்பாலான ஆண்டுகளில் ஓக் மரமே முந்துகிறது. மழை வேண்டிய அளவிற்குப் பெய்துகொண்டுதான் இருக்கிறது.