வாயு வெந்நீர்ச் சாதனமும் குளியலறைக் காற்றும்

மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் தறியில் அமரும் நெசவாளருக்கும், பனி விலகுமுன் வயலுக்குச் செல்லும் விவசாயிக்கும் வெந்நீர் ஆடம்பரப் பொருளன்று. உழைத்துக் களைத்த உடலுக்கு இன்றியமையாத தேவையாகும். முன்னாளில் விறகடுப்பும் செப்புத் தவலையும் அளித்து வந்த வெந்நீரை, இந்நாளில் பல இல்லங்களில் ‘கீசர்’ என வழங்கும் வாயுச் சாதனம் சில விநாடிகளில் அளித்து விடுகிறது. இவ்வசதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதனை எங்கே, எவ்வாறு அமைத்தால் உயிருக்குத் தீங்கு நேராது என்பதை அங்கத்தினர்கள் செவ்வனே அறிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இவ்வகைச் சாதனத்தை 1868-ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைத்தவர், லண்டன் நகரில் வண்ணம் பூசும் தொழில் செய்து வந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவராவார். ஐஸ்லாந்து தீவில் இயற்கையாகப் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். அச்சாதனத்தில் எரிந்த வாயுவை வெளியேற்றும் புகைபோக்கி இல்லை. அதற்குப் பின் சாதனங்கள் எத்தனையோ வகையில் திருந்தியுள்ளன. ஆயினும், புகைபோக்கியின்றிச் சிறு குளியலறையில் கீசரை மாட்டிவிடும் பழைய குறை மட்டும் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை.

தண்ணீர்க் குழாயைத் திறந்தவுடன் நீரின் ஓட்டம் கீசரின் உள்ளேயுள்ள வாயு வழியைத் திறந்து விடுகிறது. பாட்டரியினால் உண்டாகும் பொறி வாயுவைப் பற்ற வைக்கிறது. நீர் செம்புக் குழாயின் வழியே சென்று சுடரால் சூடேறி வெளிவருகிறது. இதில் அபாயம் இருவகைப்படும். ஒன்று, எரியாத வாயு கசிதல். மற்றொன்று, எரிந்த வாயு அறையிலேயே தங்குதல்.

முதலாவதை நம் மக்கள் நன்கறிவர். சிலிண்டரிலுள்ள வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை உணர்த்தும் பொருட்டே துர்நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலக்கின்றனர். ஆதலின் கசிவு நேர்ந்தால் மூக்கே எச்சரித்து விடும். இரண்டாவதற்கு அத்தகைய எச்சரிக்கை யாதுமில்லை. வாயு எரியும்பொழுது அந்நாற்றப் பொருளும் உடன் எரிந்து விடுகிறது. நாற்றம் இல்லையெனக் கருதி அச்சமின்றி இருப்பது இதனாலேயே பிழையாகும்.

இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சிலிண்டர் வாயு, புரொபேன், பூட்டேன் என்னும் இரண்டும் கலந்தது. ஒரு பங்கு புரொபேன் முழுமையாக எரிய 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பூட்டேன் எரிய 31 பங்கு காற்றும் வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சென்டிகிரேடு அளவு சூடேற்றும் கீசர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் வாயுவை எரிக்கிறது. அதற்கு வேண்டிய காற்று சுமார் 200 லிட்டர். 6 அடி நீளம், 4 அடி அகலம், 7 அடி உயரமுள்ள குளியலறையில் அடங்கும் காற்றோ 4,750 லிட்டர் மட்டுமே. கதவையும் ஜன்னலையும் சாத்திப் பத்து நிமிடம் நீராடினால், அவ்வறைக் காற்றில் ஐந்தில் இரண்டு பங்கை எரிப்பதற்குச் சமமாகிறது. நீராடுபவரும் அதே காற்றையே சுவாசிக்கிறார்.

பிராணவாயு குறையக் குறைய வாயு அரைகுறையாக எரியும். அப்பொழுது கரியமில வாயுவுடன் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பற்றுடன் சேர்ந்து கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். நிலைமையை உணர்ந்து கதவைத் திறக்க முயலும்போது கைகால்கள் வசப்படாமற் போவதும் உண்டு. பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சோதனை இங்கே உதவாது. சுடர் எரிந்து கொண்டிருக்கும்பொழுதே நச்சு சேர்ந்து விடும்.

இதற்குரிய பரிகாரம் எளியதே. சாய அடுப்பைத் திறந்த வெளியிலோ புகைபோக்கியின் கீழோ அமைக்கும் நம்மவர், கீசருக்கும் அவ்விதியையே கைக்கொள்ள வேண்டும். காற்றோட்டமுள்ள வெளிப்புறச் சுவரில் அதனைப் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர்வது சாலச் சிறந்தது. அவ்வாறு பொருத்தும்போதும் குளியலறை ஜன்னலுக்குக் கீழே அமைத்தல் கூடாது. உள்ளே வைப்பதற்கென்று செய்யப்பட்ட சாதனமாயின், புகைபோக்கிக் குழாய் சுவரைக் கடந்து வெளிவானில் முடிய வேண்டும். அறையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, மூட முடியாத காற்று வழிகள் இருத்தல் வேண்டும். காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒருபோதும் புகைபோக்கிக்கு ஈடாகாது. சிலிண்டரைக் குளியலறையில் வைத்தல் அறவே கூடாது. வாயு காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழான இடத்திலும் வைத்தலாகாது.

மாற்றியமைக்கும் வரையில் ஒரு வழக்கத்தைத் தவறாது கைக்கொள்க. கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் நிரப்பி, கீசரை நிறுத்தி, அறையில் காற்றோட்டம் ஏற்பட்ட பின்னரே நீராடுதல் வேண்டும். ஒருவர் பின் ஒருவராகக் குடும்பத்தினர் தொடர்ந்து நீராடும் வீடுகளில் இது மிக அவசியம்; முன்னவர் விட்டுச் சென்ற கெட்ட காற்றே பின்னவரைத் தாக்குகிறது. சுடர் மஞ்சள் நிறமாக எரிந்தாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்திவிட்டுத் தேர்ந்த பணியாளரை அழைக்க வேண்டும். சுடர் நீலமாக எரிவதைக் கண்டு மட்டும் கவலையற்று இருத்தலும் தகாது. ஆண்டுக்கொரு முறை சாதனத்தையும், ரப்பர் குழாயையும் சோதிக்கச் செய்தல் நலம். கசிவைச் சோப்பு நீரால் சோதிக்கலாம். தீக்குச்சியால் சோதிப்பது பேராபத்து. வாயு நாற்றம் வீசினால் மின்சார ஸ்விச்சைத் தொடாது, ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி மூலம் தெரிவிக்க வேண்டும்.

குளியலறையில் ஒருவர் மயங்கி விழுந்தால், பித்த மயக்கமென்று எண்ணி முகத்தில் நீர் தெளித்துக் காலங்கடத்தலாகாது. கதவையும் ஜன்னலையும் திறந்து, கீசரை நிறுத்தி, அவரை உடனே திறந்த வெளிக்குக் கொணர வேண்டும். மூச்சு நின்றிருப்பின் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். 108 வண்டியை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும்பொழுது, கீசர் எரிந்து கொண்டிருந்த செய்தியை டாக்டரிடம் முதலில் கூறுதல் அவசியம். தெளிந்து எழுந்து விட்டாலும் டாக்டரிடம் காட்டாது விடலாகாது.

ஒரு முழக் குழாயும், சுவரில் ஒரு துளையும், கொத்தனாரின் அரை நாள் கூலியுமே பெரும்பாலான வீடுகளில் இதற்காகும் செலவு. ஒரே தெருவிலுள்ள அங்கத்தினர் சிலர் ஒன்று சேர்ந்து ஒரே நாளில் பணியாளரை அமர்த்திக் கொண்டால் அச்செலவும் குறையும். கூட்டுறவின் பயன் நூல் கொள்முதலிலும் விளைபொருள் விற்பனையிலும் மட்டும் அடங்கியதன்று. குளிர் காலம் முற்றுமுன் தத்தம் இல்லத்துக் கீசர் எங்கே இருக்கிறது, அதன் புகை எங்கே செல்கிறது என்னும் இவ்விரு வினாக்களுக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் விடை காண்பாராக.