உப்புக்காற்றில் மெக்னீசிய இன்ஜின்: விரிசல் விழுந்தால் காப்பாற்ற முடியுமா?

காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, வண்டியின் வயசு. இன்னொன்று, வங்கக் கடலிலிருந்து வீசும் உப்புக்காற்று. இரண்டுமே பதம் பார்ப்பது மெக்னீசியக் கலவையில் வார்த்த இன்ஜின் உறையைத்தான். அதில் விரிசல் விழுந்தால், “அலுமினியம்தானே, வெல்டிங் அடிச்சுடலாம்” என்று கிரைண்டரை எடுப்பது ஆபத்து.

எதற்கு மெக்னீசியம்?

எடை குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு சுமார் 7.9 கிராம், அலுமினியம் 2.7, மெக்னீசியம் வெறும் 1.74. சேலத்து மேக்னசைட் கல்லில் இருப்பதும் இதே உலோகம்தான். போர்ஷே 911 காரிலும் 1968-ல் தொடங்கி 1970-களின் நடுப்பகுதி வரை மெக்னீசிய உறைகள் வந்தன.

விரிசல் எப்படி வருகிறது?

சூடேறும்போது மெக்னீசியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதில் முறுக்கிய எஃகு ஸ்டட் இறுகி, மரையைப் பிய்க்கும். பீட்டிலில் மூன்றாவது சிலிண்டருக்குப் பின்பக்கம் விரிசல் விழுவது மெக்கானிக்குகளுக்குப் பழக்கப்பட்ட பிரச்சினை.

உப்பு ஈரம் சேர்ந்தால் எஃகு போல்ட்டும் மெக்னீசியமும் சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைவது எப்போதும் மெக்னீசியம்தான்.

என்ன உலோகம் என்று எப்படித் தெரியும்?

உள்பக்கம் ஒரு மூலையைச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடலாம். மெக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும்.

தீ பற்றுமா?

முழு உறை அவ்வளவு சுலபமாகப் பற்றாது. ஆபத்து, கிரைண்டரில் பறக்கும் பொடியிலும் சீவலிலும்தான். பற்றிய மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளியாகி தீ இன்னும் மூளும். 1955 லே மான் பந்தய விபத்தில் மெர்சிடிஸ் காரின் மெக்னீசியக் கலவை உடல் எரிந்தபோது, தண்ணீர் பீய்ச்சியதும் நெருப்பு கூடியது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. நன்கு காய்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான ‘கிளாஸ் டி’ பவுடர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ரிப்பேர் எப்படி?

* எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சாயம் ஊறவைத்துச் சோதித்தால் விரிசல் எங்கே முடிகிறது என்று தெரியும். அந்த முனையில் சின்ன துளை போட்டால் மேலே ஓடாது.
* விரிசலை அரத்தால் ‘வி’ வடிவில் திறக்க வேண்டும். பொடியைச் சேரவிடக் கூடாது.
* உறையைச் சீராகச் சூடாக்கி, ஆர்கான் வாயுவில், ஏசி மின்சாரத்தில் டிக் வெல்டிங். மேற்பரப்பு ஆக்சைடு படலத்தை உடைக்க ஏசி தேவை. கம்பியும் மெக்னீசியக் கலவையாகவே இருக்க வேண்டும்.
* பிறகு அவனில் மறுபடி சூடேற்றி உள் இறுக்கத்தைத் தணிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால், வெல்டிங் பக்கத்திலேயே புது விரிசல் வரலாம்.
* கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் துளைகள் நேர்கோட்டில் இருக்கிறதா என்று கடைசியில் அளக்க வேண்டும்.

பிய்ந்த மரைக்கு வெல்டிங் வேண்டாம். எஃகு இன்செர்ட் போதும்.

எப்போது விட்டுவிடலாம்?

பேரிங் உட்காரும் இடத்திலேயே விரிசல் ஓடியிருந்தால் மாற்றுவது நல்லது. பீட்டிலுக்கு அலுமினிய உறைகள் வெளிநாட்டுச் சந்தையில் கிடைக்கின்றன. எண்ணெய் கசியும் வெளிச்சுவர் விரிசல் என்றால், மெக்னீசியம் தெரிந்த வெல்டர் அதைக் காப்பாற்றிவிடுவார். அப்படி ஒருவர் உள்ளூரில் இல்லையென்றால், உறையைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பலாம். தெரியாத கையில் கொடுப்பதைவிட அது மேல்.

ரிப்பேருக்குப் பிறகு?

கடலோரத்தில் வெல்டிங்கோடு வேலை முடிவதில்லை. பாதுகாப்புப் பூச்சு வேண்டும். எஃகு போல்ட்டுக்கு அடியில் அலுமினிய வாஷர் போட வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால், அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.