ஆறு உலக்கைகள்



பெற்றோல் என்ஜினின் உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை எமது விஞ்ஞானப் பாடநூல்கள் ‘முசலம்’ என்கின்றன. முசலம் என்றால் உலக்கை. அந்தக் கலைச்சொல்லை ஆக்கியவர் உரலருகே நின்று பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். ஒரே உரலில் இருவர் குத்தும்போது ஓர் உலக்கை மேலே போக, மற்றது கீழே வரும் அல்லவா?

நான்கு உருளை என்ஜினும் அப்படியே: இரண்டு மேலே, இரண்டு கீழே. ஆனால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு சரிந்து சரிந்து நிமிர்வதால் பிஸ்டன் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடும். அந்த வேறுபாடு நடுக்கமாக மிஞ்சும். ஆறு உருளையிலே மூன்று சோடிகள், 120 பாகை இடைவெளியில். மிஞ்சிய நடுக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு வெடிப்பின் உந்தல் ஓயுமுன் அடுத்தது வந்து கைகொடுக்கும்.

நீளந்தான் இதற்குப் பகை. 1904இல் நேப்பியர் நிறுவனம் ஆறு உருளைக் காரை இங்கிலாந்தில் விற்கத் தொடங்கியது. அக்கால ஆறு உருளை என்ஜின்களில் நீண்ட வளைதண்டு, பிழியும் சீலைபோல முறுகியது. சில முறிந்தும் போயின. றோல்ஸ் றொய்ஸின் முதல் ஆறு உருளைக் காருக்கும் அதே நோய். 1906இல் ஹென்றி றொய்ஸ், மும்மூன்று உருளைகளாக இரண்டு வார்ப்புகள் செய்து, வளைதண்டை ஏழு தாங்கிகளில் கிடத்தினார். ‘சில்வர் கோஸ்ற்’ என்று புகழ்பெற்றது அந்தக் கார்.

அது செல்வந்தருக்கு. நான்கு உருளைக் காரின் விலையில் ஆறு என்று விளம்பரம் செய்தது 1929ஆம் ஆண்டுச் செவர்லட்: 194 கன அங்குலம், 46 குதிரைவலு. தாங்கிகள் மூன்றே. சிக்கனம் அங்கே தெரிகிறது!

எங்கள் பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே. காற்று மெலிந்திருப்பதால் என்ஜினின் வலுவில் பத்திலொரு பங்குக்கு மேல் குறையும். வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாக ஏறினால், வளைவுக்கு வளைவு வேகம் தணியும். அப்போது உதறாமல் மெல்ல இழுப்பதே ஆறு உருளையின் சிறப்பு. அத்தகைய மலைப்பாதைகளை வெட்டியவர்களில் எமது தோட்டத்து முன்னோர் பலர். காரில் ஏறியவர் மிகச் சிலர்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அக்கால ரேடியேற்றர்களில் அழுத்த மூடி கிடையாது. இங்கே தண்ணீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும். ஆவி பறந்தால் ஓடைக்கரையில் நிறுத்தவேண்டியதுதான். உடனே குளிர்நீரை ஊற்றினால் சுட்ட வார்ப்பிரும்பு பிளந்துவிடும். ஆறும்வரை காத்திருந்து, சிறிது சிறிதாக ஊற்றவேண்டும்.