கிளையில் தொங்கும் கூட்டம்

ஜார்ஜ் டவுனில் மீட்டர் பெட்டிக்குள்ளும் பழைய கடைவீடுகளின் கூரை இடுக்குகளிலும் குடியேறுவது பெரும்பாலும் அடுக்குத்தேனீ. கண்டதும் மருந்தடிக்க ஆள் தேடுகிறோம். குடியிருப்புத் தோட்டத்து மாமரக் கிளையில் திடீரென்று கொத்தாகத் தொங்கும் கூட்டத்துக்கும் அதே கதிதான். அது கொட்ட வந்ததல்ல. தாய்க்கூட்டில் நெருக்கடி வந்ததும், வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டு, பழைய ராணியோடு வீடு தேடிக் கிளம்பியது. காவல் காக்க அதற்குப் புழுவும் இல்லை, அடையும் இல்லை. சீண்டாதவரை சாந்தமாகவே இருக்கும்.

சற்றுத் தள்ளி நின்று உற்றுப் பாருங்கள். கூட்டத்தின் மேலேயே சில தேனீக்கள் வயிற்றை ஆட்டியபடி ஓடித் திரும்பும். இடம் பார்த்து வந்தவை அவை. ஆட்டத்தின் கோணம் திசையைச் சொல்லும். நேரம் தூரத்தைச் சொல்லும். இந்த மொழியைப் படித்தறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர், 1949இல் ஐரோப்பியத் தேனீக் கூட்டமொன்றில் ஆடியவற்றின் உடம்பில் புகைக்கரியும் செங்கல் தூசும் படிந்திருப்பதைக் கவனித்தார். பூவுக்குப் போயிருந்தால் மகரந்தம் அல்லவா ஒட்டியிருக்கும்? புகைபோக்கியிலும் சுவர்ப் பொந்திலும் நுழைந்து வீடு பார்த்துவிட்டு வந்திருக்கின்றன! நல்ல இடமென்றால் நெடுநேரம் ஆடும். சுமாரென்றால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆட்டத்தைப் பார்த்த மற்றவை தாமும் போய்ப் பார்த்த பிறகே சேர்ந்து ஆடும். ராணிக்கு இந்த முடிவில் பங்கே இல்லை.

பழக்கப்பட்டவர் கையால் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றலாம். தமிழகத்தில் நியூட்டன் பாதிரியார் நூறாண்டுக்கு முன் இந்தச் சிறிய அடுக்குத்தேனீக்கென்றே வடிவமைத்த பெட்டி இன்றும் புழக்கத்தில் உண்டு. ராணி உள்ளே இறங்கிவிட்டால், சில தேனீக்கள் வாசலில் நின்று வால்நுனியைத் தூக்கிச் சிறகை விசிறும். அங்கிருந்து பரவும் வாசனை வெளியே திரிபவற்றை உள்ளே அழைக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

ஆனால் அடுக்குத்தேனீ ரோஷக்காரி. எறும்பு ஏறினாலோ, தீனி குறைந்தாலோ, ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிடும். எறும்பைத் தடுக்கப் பெட்டிக் கால்களுக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள். டெங்கி உலவும் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில், எண்ணெய் ஊற்றுங்கள். தோட்டத்துப் பாகலும் பூசணியும் இந்தத் தேனீயால் நன்றாகக் காய்க்கும். கத்தரிக்கு மட்டும் பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும் தச்சன்வண்டுதான் பொருத்தம். அந்த வித்தை தேனீக்குத் தெரியாது.

கொசுப்புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தப் புகை தேனீயையும் கொல்லும். அன்று, எல்லாம் கூடு திரும்பியதும் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, புகை கலைந்த பிறகு திறந்துவிட வேண்டும்.